இருபத்திரண்டாம் இடம்

கார்லோவோ மருந்துக்கடையில் முகம் கழுவ இரண்டு புட்டிகள்.
ஒன்று இளஞ்சிவப்பு, கழுத்தில் தங்கக் கோடு,
வயிற்றில் எங்கள் பள்ளத்தாக்கின் ரோஜா.
மற்றது வெள்ளை.
படமில்லை, பூவில்லை,
காய்ச்சல்காரனுக்கு வைத்த கஞ்சி போல ஒரு தோற்றம்.

இரண்டையும் திருப்பினேன்.
முன்பக்கம் கூவுகிறவன் வியாபாரி,
பின்பக்கம் முணுமுணுப்பது சட்டம்.
எழுத்து எறும்புக்கால் அளவு.
யோர்டான்கா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.
"கடை சாத்த இன்னும் பத்து நிமிஷம், வெனெத்தா."

இரண்டிலும் முதல் பெயர் ஆக்வா.
தண்ணீருக்கு லத்தீன் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.
அதிகம் இருப்பவர் முன்னால்,
குறைந்தவர் பின்னால்,
பந்தி வரிசை மாதிரி.

இளஞ்சிவப்பில் தண்ணீரை ஒட்டி
சோடியம் லாரெத் சல்பேட்.
இவனை எனக்குத் தெரியும்;
எண்ணெய் ஆலையில் தரை கழுவும் நீல டிரம்மிலும்
இவன் பெயர்தான்.
நுரைக்கு ராஜா.
அழுக்கை எடு என்றால்
தோல் தனக்கென்று ஒளித்துவைத்த எண்ணெயையும்
சேர்த்துச் சுருட்டுவான்.
பொய் சொல்லக்கூடாது,
பேர் பயமுறுத்துகிற அளவு ஆள் மோசமில்லை.
தேங்காய் வழி வந்த பீட்டெயின் பக்கத்தில் இருந்தால்
கொஞ்சம் அடங்கி நடப்பான். இருந்தது.
அடுத்து உப்பு.
சமையலறை உப்பேதான்,
குழம்பு கெட்டியாகத் தெரிய.

வெள்ளையில் தண்ணீருக்குப் பிறகு கிளிசரின்,
பிறகு டெசில் குளுக்கோசைடு;
சர்க்கரையின் தூரத்து உறவு, நுரைக்கக் கூச்சப்படும்.
காரத்தை இறக்க
எலுமிச்சைப் புளிப்பு ஒரு சிட்டிகை.
ஒன்பது பெயரில் பந்தி முடிந்தது.

இளஞ்சிவப்பில் முடியவில்லை.
விரலை வைத்து எண்ணினேன்.
பதினாறாவது ஃபீனாக்சிஎத்தனால்,
கெட்டுப்போகாமல் காக்கும் காவலாள்.
நூறில் ஒரு பங்குக்கு மேல் அவன் இருக்கக்கூடாது, விதி.
அப்படியென்றால்
அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஒருவரும்
அந்த ஒன்றைத் தாண்டமாட்டார்கள்.
பதினேழு, பதினெட்டு...
இருபத்திரண்டில் ரோசா டமாஸ்கீனா.

அட, நீயா.

மே மாதம், வெயில் ஏறி வாசனையைக் குடிக்கும் முன்
இடுப்பில் சாக்கைக் கட்டி
முள்ளுக்குள் கைவிட்டுக் கிள்ளுகிறோம்.
ஒரு கிலோ எண்ணெய்க்கு
மூவாயிரம் கிலோவுக்கு மேல் இதழ்.
பூவுக்கு இருபத்திரண்டாம் இடமாவது கிடைத்தது.
என் முதுகெலும்பை
பட்டியல் முழுக்கத் தேடினேன்.

சிரிப்பு வந்துவிட்டது. யோர்டான்கா நிமிர்ந்து பார்த்தாள்.

வாலில் இன்னும் இரண்டு பேர்:
சிட்ரோனெல்லால், ஜெரானியால்.
ரோஜாவுக்குள்ளேயே குடியிருப்பவர்கள்;
சிலருக்கு ஆகாது என்பதால்
பெயர் சொல்லித்தான் உள்ளே வரவேண்டும்.
போன குளிர்காலம் டாக்டர் கிராசிமிர்
என் முதுகில் சின்னச் சின்ன வில்லைகள் ஒட்டி
இரண்டு நாள் கழித்து உரித்தார்.
ஜெரானியால் இருந்த இடத்தில்
நாணயம் போல ஒரு சிவப்பு.
"ரோஜா பறிக்கிறவளுக்கா இது?
வேறு வேலை கிடைக்குமா?"
நான் தலையை மேலே ஒருமுறை உயர்த்தி இறக்கினேன்.
எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், இல்லை.

ஆக, கணக்கு இதுதான்:
நல்லது செய்யப் போதாத ரோஜா
கன்னத்தைத் தடிக்க வைக்கப் போதும்.
பெருங்காயம் வைத்த டப்பாவுக்கு
தங்கக் கோடு போட்டு மூன்று மடங்கு விலை.

வெள்ளையை நீட்டினேன்.
"இதில் வாசனையே இல்லையே" என்றாள் யோர்டான்கா.
அதற்குத்தான் காசு கொடுக்கிறேன் என்றேன்.

ராத்திரி குழாயடியில்
நுரை வருமென்று காத்திருந்தேன், பெரிதாய் வரவில்லை.
கழுவினேனா இல்லையா என்றே சந்தேகம்.
துடைத்த பிறகு கன்னம் இழுக்கவில்லை.
என் முகம்
எதனுடைய வாசனையும் இல்லாமல்
சும்மா இருந்தது.

தலைத்துணியை அவிழ்த்தேன். போச்சு.
அறை முழுக்க ரோஜா.
பூவோடு சேர்ந்த நாரும் மணக்குமாம்.
நாருக்கு அரிக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

துணியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு
விளக்கை அணைத்தேன்.
நாலரைக்கு டிராக்டர் வரும்.